அம்மம்மா விட்டுப்போன கடன்

அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்த சனம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பங்குப் பேச்சு தொடங்கியது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் பெரிய மாமாவுக்கு. சங்கிலி கனடாவுக்கு. தோடு பாரிஸுக்கு. முருங்கனை விட்டு எங்கும் போக வக்கில்லாத எனக்கு, அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த லக்ஸ்பிறே பால்மா ரின். குலுக்கினால் சில்லறைச் சத்தம். வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன்.

திறந்தால் அத்தனையும் வெள்ளைத் துணி முடிச்சுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நாணயம். சில, அவிழ்க்கப் போனால் துணி பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. மடு மாதாவுக்கு அவ வைத்த நேர்த்திகள்! எது தீர்ந்தது, எது நிலுவை என்று ஒரு துண்டுகூட எழுதி வைக்கவில்லை.

அவ நேர்த்தி வைக்கிற விதமே தனி. "தாயே, சின்னவன்ர பெடியை ஓ.எல். பாஸ் பண்ண வை. மூத்தவளின்ர மகன் முருங்கனில இருந்து கால்நடையா வருவான்." கேட்டது அவ, கொடுத்தது மாதா, பாஸ் பண்ணியது மச்சான். நடக்க வேண்டியது மட்டும் நான்.

மாதாவோடு அவவுக்கு அயலட்டை உறவு. 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்த இருபது குடும்பங்கள் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோன சுரூபம்; ஆகவே மாதா எங்கள் பக்கத்து ஆள். 2008 சித்திரையில், சண்டைக்குள் அந்தச் சுரூபத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனபோது, "தாயும் இடம்பெயர்ந்து அலையிறா. எங்கட கஷ்டத்தை அவவுக்குச் சொல்லியோ குடுக்கவேணும்?" என்று சொல்லிவிட்டு இன்னொரு முடிச்சுப் போட்டா. அதுவும் என் காலின்மேல்தான்.

தனக்கென்று அவ வைத்ததாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் திரும்ப ஓடினால் அதில் ஏறி மடுவுக்கு வருவேன் என்பது. 2015இல் ஓடியது. அவ ஜன்னலோரம், நான் பை தூக்கி. மடு றோட்டில் இறங்கியதும், "அப்ப என்ர கடனும் தீர்ந்துதுதானே, அம்மம்மா?" என்றேன். "ரயில் என்ர நேர்த்தி. நடை உன்ர நேர்த்தி. ரெண்டையும் குழப்பாத ராசா" என்றா.

சந்திக் கடைக்குப் பால்மா வாங்கப் போகவே மோட்டார் சைக்கிளை உதைக்கிறவன் நான். வழி தேடிச் சுவாமியாரிடம் போனேன். அவர் சிரித்தார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1193ஆம் விதிப்படி, நேர்த்தி அதை வைத்தவரை மட்டுமே கட்டும்; பேரனைக் கட்டாது. விடுதலைப் பத்திரம் கிடைத்தவன்போல வீட்டுக்கு வந்து மனைவிக்கு விதியை இலக்கத்தோடு ஒப்புவித்தேன்.

அவள் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "சட்டமெல்லாம் சரி. நாளைக்கு நீங்கள் மேல போனா, வாசலில சுவாமியாரோ நிப்பார், அம்மம்மாவோ?"

மேல்முறையீட்டுக்கு இடமில்லை. ஆவணிப் பெருநாளுக்கு நடப்பதென்று முடிவாயிற்று. செய்தி நான் செருப்பைக் கழற்றுமுன் பாரிஸுக்கே போய்விட்டது. தங்கச்சி எடுத்தாள். "அண்ணா, நடக்கிறதுதான் நடக்கிறீங்கள், என்ர மகனின்ர விசாவுக்கும் ஒரு நேர்த்தி வையுங்கோவன்."

மறுக்க மனம் வரவில்லை. ஒரு நாணயத்தை எடுத்து வெள்ளைத் துணியில் முடிந்து, மாதாவின் படத்துக்கு முன்னால் நின்று மனமுருகக் கேட்டேன்:

"தாயே, பெடியனுக்கு விசாவைக் குடு. முருங்கனில இருந்து கால்நடையா அவனே வருவான்."