எலி மேல் விழுந்த பழி

கேள்வி: ஏமனில் மஆரிப் அணை உடைந்ததால்தான் அஸ்த் குலத்தார் அரேபியா எங்கும் சிதறினார்களா?

பதில்: கதை அருமையானது. எலி ஒன்று அணையைக் குடைவதைத் தலைவர் அம்ரு பின் ஆமிர் பார்த்துவிடுகிறார். வெளியே மூச்சுவிடாமல் நிலபுலன்களை விற்றுவிட்டுக் குலத்தோடு கிளம்புகிறார். (வாங்கியவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது!) பிறகு கிளைகள் பிரிகின்றன: கஸ்ஸான் சிரியாவுக்கு, அவ்ஸும் கஸ்ரஜும் யஸ்ரிபுக்கு, வேறொரு கிளை ஓமானுக்கு.

கல்வெட்டுகளோ எலியின் பக்கம் சாட்சி சொல்கின்றன. அந்த அணை பலமுறை உடைந்து, பலமுறை செப்பனிடப்பட்டது. கி.பி. 548-இல்கூட மன்னர் அப்ரஹா அதைப் பழுதுபார்த்து, செய்தியைக் கல்லில் வெட்டிவைத்தார். அணை ஒரேயடியாகப் போனது அதற்கும் பிறகுதான். ஆனால் கஸ்ஸானியர் 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிரியா எல்லையில் பைசாந்தியப் பேரரசின் கூட்டாளிகள். 529 வாக்கில் அவர்களுடைய ஹாரிஸ் பின் ஜபலாவை, தன் அரபுக் கூட்டாளிகளுக்கெல்லாம் தலைவராகவே உயர்த்திவிட்டார் பேரரசர் ஜஸ்டினியன். கடைசி உடைப்புக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்களை அந்த வெள்ளம் எப்படி விரட்டியிருக்க முடியும்? தலைமுறை தலைமுறையாக நடந்த நடையை, மக்கள் நினைவு ஒரே வெள்ளத்துக்குள் அடக்கிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

எனக்கு உடைப்பைவிட, போன இடத்தில் அவர்கள் வளர்ந்த விதம்தான் பெரிது. யஸ்ரிப் மதீனாவானபோது நபிகளாருக்கு அடைக்கலம் தந்த அன்சாரிகள் அவ்ஸும் கஸ்ரஜும்தான். ஓமான் கிளையில் வந்த கலீல் பின் அஹ்மத், 8-ஆம் நூற்றாண்டு பஸ்ராவில் அமர்ந்து, அரபுக் கவிதைக்கே யாப்பிலக்கணம் வகுத்துக் கொடுத்தார்.