மண்டகப்படியும் காற்றடைத்த கோட்டையும்

ஸ்டோக் ஆன் டிரென்ட்,
இங்கிலாந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

மாசி மகத்தை ஒட்டி நம் விருத்தாசலத்தில், குடும்பத்தோடு வந்துபோகிற மாதிரி ஒரு பீங்கான் விழா வைக்கலாமா என்று நாலு பேர் பேசிக்கொண்டிருப்பதாகவும், வெள்ளைக்காரன் இதையெல்லாம் எப்படி நடத்துகிறான் என்று விவரமாக எழுத வேண்டும் என்றும் உத்தரவு போட்டிருக்கிறீர்கள். சரியான இடத்தில்தான் விசாரித்திருக்கிறீர்கள். இதுவும் பீங்கான் ஊர். 1759-இல் ஜோசையா வெட்ஜ்வுட் தனியாகத் தொழில் தொடங்கியது இங்கேதான். எலும்புச் சாம்பலைப் பாதிக்குப் பாதி கலந்து மெல்லிய பீங்கான் செய்கிற வித்தையைத் தேற்றியதும் இதே ஊர்தான் (அத்தையிடம் இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம், ஷோகேஸில் இருக்கிற டீ செட் தெருவுக்கு வந்துவிடும்). ஆறு ஊர் சேர்ந்து ஒரு நகரம். ஆனால் ஆர்னால்ட் பென்னெட் என்ற நாவலாசிரியர் ஃபென்டன் என்கிற ஊரைக் கழித்துவிட்டு ‘ஐந்து ஊர்’ என்றே எழுதிவைத்தார். நம் ஊர்க் கோயிலில் ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர் என்று எதையும் ஐந்தாகவே எண்ணிப் பழகிய நமக்கு அந்த மனுஷர் செய்தது தப்பாகவே தெரியாது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இவர்களுடைய கொண்டாட்டத்தைக் காப்பியடிக்காதீர்கள்; கொண்டாட்டத்துக்கு முன்னால் இவர்கள் நிரப்புகிற படிவத்தைக் காப்பியடியுங்கள். கொண்டாட்டத்துக்கு நம்மிடமே சரக்கு இருக்கிறது.

இங்கே மாதாமாதம் ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்று ஒரு பட்டியல் வரும். நூலகத்தில் கைக்குழந்தைகளுக்குப் பாட்டு, தேவாலயக் கூடத்தில் பழைய சாமான் விற்பனை, பள்ளிக்கூட மைதானத்தில் ‘ஃபேமிலி ஃபன் டே’. இந்தக் குடும்பக் குதூகலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. பிள்ளைகள் ஏறிக் குதிக்கக் காற்றடைத்த கோட்டை ஒன்று, முகத்தில் புலி வரைகிறவர் ஒருவர், குலுக்கல் சீட்டு, மழை. மழையைப் பட்டியலில் போடுவதில்லை, ஆனால் அதுதான் தவறாமல் வருகிற ஒரே அயிட்டம். முடிவு மூன்று மணி என்று போட்டிருந்தால் மூன்று மணிக்குக் கோட்டையிலிருந்து காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். உள்ளே ராஜாவே இருந்தாலும் இறங்க வேண்டியதுதான். பீர் விற்பதாகவோ, ராத்திரி 11 மணிக்கு மேல் பாட்டு வைப்பதாகவோ இருந்தால் நகராட்சிக்குத் தனிப் படிவம். 2003-ஆம் வருஷத்து உரிமச் சட்டம் அது. 10 வேலை நாள் முன்னதாக, 21 பவுண்டு கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். வேலை செய்கிறவர்களையும் சேர்த்து ஒரு நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடக் கூடாது. ஐந்நூறாவதாக வருகிறவர் யாருடைய மாமியாராக இருந்தாலும் வாசலோடு சரி. துண்டுச் சீட்டில் எல்லாம் இருக்கும்: வண்டியை எங்கே விடுவது, சக்கர நாற்காலி போகுமா, எந்த வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு, நாயைக் கூட்டி வரலாமா, கழிப்பிடம் எந்தப் பக்கம். ஒன்றே ஒன்றுதான் இருக்காது. இந்த விழா யாருடையது என்பது.

இப்போது நம் கோயில் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். முழ நீளம். கொடியேற்றத்திலிருந்து தீர்த்தவாரி வரைக்கும் நாள்வாரியாக வாகனம், புறப்பாடு. சாமி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று தேடினால் ‘இரவு’ என்று இருக்கும், இரவு பெரியது. வண்டி நிறுத்துமிடமும் கழிப்பிடமும் ஆண்டவன் விட்ட வழி. ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் நேரே மண்டகப்படி இன்னார், உபயம் இன்னார் என்று அச்சடித்திருக்கும். ஆறாம் நாள் விளக்குக்கு எண்ணெய் இல்லையென்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இவர்கள் சீட்டு விருந்தாளிக்கு எழுதியது, நம் நோட்டீஸ் வீட்டுக்காரருக்கு எழுதியது. என் கட்சி இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. விழாவில் வேலை இருக்கிறவன் அடுத்த வருஷமும் வருவான். வேடிக்கை பார்த்தவன் அடுத்த சனிக்கிழமை வேறொரு கோட்டையில் குதிக்கப் போய்விடுவான். உங்கள் நாலு பேர் பேச்சில் ‘என்னென்ன புரோகிராம் வைக்கலாம்’ என்பதே பெரிதாக ஓடுவதாகத் தெரிகிறது. ‘யார் யாருக்கு என்ன வேலை’ என்பது முதலில் வரட்டும்.

இதற்கு இந்த ஊர்ச் சரித்திரமே சாட்சி சொல்லும். பாட்டில் மாதிரி வயிறு பருத்துக் கழுத்து நீண்ட செங்கல் சூளைகள் இங்கே ஒரு காலத்தில் 2,000-க்கு மேல் இருந்தன. நிலக்கரிப் புகையில் பகலிலேயே விளக்கு ஏற்றுகிற நிலை. வருஷத்தில் ஒருமுறை கோடையில் ஊர் முழுக்கச் சூளைகளை ஒன்றாக அணைப்பார்கள். ‘குயவர் விடுமுறை’ என்று அதற்குப் பெயர். சக்கரம் சுற்றியவர், கிளேஸில் முக்கி எடுத்தவர், சூளை அடுக்கியவர் எல்லோரும் குடும்பத்தோடு ஒரே வாரத்தில் கடற்கரை ஊர்களுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். மிஞ்சி இருந்தவர்கள் அந்த நாட்களில்தான் வானம் நீலம் என்று கண்டார்கள். யாரும் திட்டம் போட்டு வைத்த விழா இல்லை, வேலையிலிருந்து விளைந்த விழா. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, சூளைகள் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாறின, பிறகு ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. இன்றைக்கு நிற்கிற பாட்டில் சூளைகள் 50-க்கும் குறைவு, விடுமுறையும் பேச்சளவில்தான் மிச்சம். 2009-லிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய பீங்கான் கலைவிழா நடத்துகிறார்கள். நன்றாகவே நடத்துகிறார்கள், தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் போய்விட்ட விழாவைத் திரும்பக் கொண்டுவர எத்தனை கமிட்டி, எத்தனை நிதி விண்ணப்பம் வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், இருக்கிறதை விடாமல் வைத்துக்கொள்வது எவ்வளவு மலிவு என்று புரியும். நம் ஊரில் தலைகீழான ஒரு சங்கடம் உண்டு. ஊரே கொலு வைக்கிறபோது நம் செராமிக் ஆட்களுக்குப் பொம்மை சீசன், ஊரே கார்த்திகை தீபம் ஏற்றுகிறபோது அகல் விளக்கு சீசன். பண்டிகை அடுத்தவர்களுக்கு, ஆர்டர் நமக்கு. ஆகவே விளக்கு ஆர்டர் முடிந்து மூச்சு விடுகிற மாசியை நீங்கள் தேர்ந்தெடுத்தது ரொம்பச் சரி. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்று பெற்றோர் முறைப்பார்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரத்தோடு முடித்துக்கொண்டால் முறைப்பு குறையும்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த வேலைப் பங்கீடு தெரியவே தெரியாது என்று எழுதினால் அது அநியாயம். பார்க்ரன் என்று ஒன்று இருக்கிறது. 2004-இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கி, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. இங்கே ஹான்லி பூங்காவிலும் உண்டு. சனிக்கிழமை காலை 9 மணிக்கு 5 கிலோமீட்டர் ஓட்டம், கட்டணம் கிடையாது. நேரம் குறிக்க ஒருவர், அட்டையை ஸ்கேன் செய்ய ஒருவர், திருப்பத்தில் நின்று கைதட்ட ஒருவர் என்று எல்லாமே ஓடுகிறவர்களே முறை வைத்துச் செய்கிற வேலை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஓர் ஆளைப் போடுவது. அதனால் எவ்வளவு மெதுவாக வந்தாலும் நீங்கள் கடைசி ஆள் ஆகவே முடியாது. இதைப் புதுமை என்று இவர்கள் நினைக்கலாம். பிள்ளையார், முருகர், சுவாமி, அம்மன் தேர்களெல்லாம் போனபிறகு ஐந்தாவதாகச் சண்டிகேஸ்வரர் தேர் வருகிறதே, அது வேறென்ன? முன்னால் ஓடுகிறவனுக்குப் பரிசு கொடுக்க எந்த ஊருக்கும் தெரியும். பின்னால் வருகிறவனுக்குத் துணை அனுப்பத் தெரிந்த ஊரில்தான் பாட்டியும் பேரனும் தைரியமாகப் புறப்பட்டு வருவார்கள்.

இதற்கு நீங்கள் மூன்று ஆட்சேபம் சொல்வீர்கள் என்று தெரியும். முதலாவது: ‘மண்டகப்படியை வைத்து அடித்துக்கொண்ட ஊர்கள் எத்தனை, கோர்ட்டுக்குப் போன ஊர்கள் எத்தனை!’ உண்மைதான், மறுக்க வழியில்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் யார் வடம் பிடிப்பது என்ற தகராறில் தேர் ஆண்டுக்கணக்காக நிலையிலேயே நின்று, 2024-இல்தான் மறுபடி ஓடியது. வேலை என்று தொடங்கியது உரிமையாகி, உரிமை என்பது அடுத்தவனைத் தள்ளி நிறுத்துகிற கோலாகிவிடுகிறது. அதற்காகத்தான் பார்க்ரனை இவ்வளவு நீட்டி எழுதினேன். அங்கே இந்த வாரம் நேரம் குறித்தவர் அடுத்த வாரம் பாதையில் வைக்கிற கூம்பைத் தூக்குவார். எந்த வேலையும் பரம்பரைப் பட்டா கிடையாது. உங்கள் பட்டியலிலும் வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி வேலையைப் பிரியுங்கள். குலுக்கல் சீட்டை இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதற்காக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது: ‘படிவம், அனுமதி என்று போனால் முட்டுக்கட்டைதான் போடுவார்கள்.’ மாமா, முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் திட்டுவதற்கு எடுத்துக்கொண்டோமே தவிர, தேருக்குப் பக்கத்தில் குனிந்தபடியே ஓடிச் சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிற அந்த ஆள் இல்லையென்றால் தேர் திரும்பாது, நிற்காது, யாராவது வீட்டுத் திண்ணைக்குள் போய்விடும். இங்கே அந்த ஆளுக்கு ரிஸ்க் அசெஸ்மென்ட் என்று பெயர்; குனிவதற்குப் பதிலாக எழுதுகிறார். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள். அந்தத் தெருவின் மேலே என்ன ஓடுகிறது என்று ஒருவர் முன்கூட்டி நடந்து பார்த்து எழுதுகிற தாளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அதிகமில்லை. சட்டம் எப்போதும் கையைக் கட்டும் என்றும் இல்லை. சாதாரண நாளில் ராத்திரி 11 மணிக்குமேல் பட்டாசு கூடாது என்கிற இந்த நாட்டில் தீபாவளி ராத்திரி 1 மணி வரை வெடிக்கலாம். நம் தமிழ்நாட்டில் 2018-லிருந்து காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். (இங்கே அனுமதி இருக்கிறது, ஆனால் மழையில் திரி நனைந்துவிடுகிறது. அது வேறு கதை.) மூன்றாவது ஆட்சேபம் அத்தையுடையதாக இருக்கும்: ‘நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு விழாவிலும் வேலையா? உட்கார்ந்து பார்க்க விடுங்களேன்.’ நியாயமான பேச்சு, அதிலும் பெண்கள் சொல்லும்போது இன்னும் நியாயம். நம் விழாக்களில் சமையலும் பாத்திரமும் யார் தலையில் விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகையால் குலுக்கல் சீட்டில் பாத்திரம் கழுவுவதையும் சேருங்கள். அதில் உங்கள் பெயர் வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள், போட்டோவோடு.

பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு யோசனை. காற்றடைத்த கோட்டைக்கு வாடகை கொடுக்க வேண்டாம். செராமிக் காலேஜ் பிள்ளைகள் நாலு பேரும், தொழிற்பேட்டையில் அச்சு வார்க்கிற ஆட்கள் நாலு பேரும் ஒரு பந்தலில் உட்காரட்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் தோசை மாவுப் பதத்தில் கரைத்த களிமண்ணைக் குழந்தை தன் கையால் ஊற்றும். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க ஓரமாகப் பாலாடை மாதிரி களி படிந்து தடிக்கும். கால் மணி நேரம் கழித்து அச்சைக் கவிழ்த்தால் நடுவில் இருந்ததெல்லாம் வடிந்துபோய், உள்ளே காலியாக ஒரு பிள்ளையார். ஈரப் பஞ்சால் ஒட்டுக் கோட்டைத் துடைத்து, அடியில் குச்சியால் பெயர் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே கையில் கொடுக்க முடியாது. காய வேண்டும், சூளையில் 1,000 டிகிரிக்கு மேல் வேக வேண்டும். ‘பங்குனி உத்திரத்துக்குக் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு டோக்கன் கொடுத்தால், அந்தக் குடும்பம் ஒரே மாதத்தில் இரண்டாம் தடவை ஊருக்குள் வந்துதான் ஆக வேண்டும். இவர்களுடைய பழைய சூளை மியூசியத்தில் பூச் செய்யவும் சக்கரம் சுற்றவும் விடுகிறார்கள். அவர்களிடம் இல்லாதது இந்தப் பங்குனி உத்திரம்தான்.

நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் கழிப்பிடத்துக்கு அம்புக்குறி போட மறக்காதீர்கள். அந்தப் பலகைச் செலவு என்னுடையது என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் விழாவில் வேலைதான் முக்கியம் என்று மேலே இவ்வளவு பேசியபிறகு, பணம் மட்டும் அனுப்புகிற உபயதாரராக எழுதக் கூச்சமாக இருக்கிறது. தவிர, சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட 12,000 பொன்னைத் திருவாரூர்க் கமலாலயத்தில் கமிஷன் பிடிக்காமல் எடுத்துக்கொண்டார். எங்கள் பேங்கில் அந்த வசதி இல்லை. ஆகவே என் பெயருக்கு நேரே சண்டிகேஸ்வரர் வேலையைப் போடுங்கள், எல்லோருக்கும் பின்னால் நடந்து வருகிறேன். மாசிக்கு லீவு கிடைக்க மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் எனக்காக ஒரு பிராது கட்டிவிட முடியுமா? தூரத்தைக் கணக்குப் பார்த்துப் படிக்காசு கேட்பார்கள். 8,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்