பயோடேட்டா சரி, வேலை தெரியுமா?

கே: ‘ப்ளூரிபோட்டன்ட்’ ஸ்டெம் செல் என்கிறார்களே, வாயில் நுழைகிற மாதிரி சொல்லக்கூடாதா?

ப: பத்தாம் வகுப்புப் பிள்ளை. டாக்டரோ ஆடிட்டரோ, எதுவாகவும் ஆகலாம். பதினொன்றில் குரூப் எடுத்ததும் பாதிக் கதவு சாத்தியாயிற்று. இந்தச் செல்லும் அந்தப் பத்தாம் வகுப்பில்தான் நிற்கிறது. மூளை, எலும்பு, குடல் என்று உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறும். மனிதக் கருவிலிருந்து 1998-இல் இதைப் பிரித்து வளர்த்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன். ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-இல் சுண்டெலியின் சாதாரணச் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, வேலைக்குப் போனவனை மறுபடி பத்தாம் வகுப்பு பெஞ்சில் உட்கார வைத்தார். 2012-இல் நோபல்.

கே: ஒரு செல்லுக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ப: பழைய வழி, எதிர்ப்புச் சக்தி இல்லாத சுண்டெலிக்கு அதை ஊசியில் ஏற்றுவது. வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் காத்திருந்தால் ‘டெரட்டோமா’ என்ற கட்டி வரும். அறுத்துப் பார்த்தால் நரம்பு, குருத்தெலும்பு, குடல்சுவர் எல்லாம் கலந்து கிடக்கும். கருவின் மூன்று அடுக்குகளிலிருந்தும் ஏதாவது தென்பட்டால் பாஸ். (பெயரின் கிரேக்க மூலத்துக்கு ‘பூதம்’ என்று பொருள். பொருத்தம்தான்.) காலமும் காசும் கரைகின்றன, ஒரு சுண்டெலியும் போகிறது. அதனால்தான் மரபணுச் சோதனை வந்தது. எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது என்பதை அதன் ஆர்.என்.ஏ. நகல்களை எண்ணிச் சொல்லிவிடலாம். சில நாள் வேலை.

கே: OCT4, NANOG என்ற இரண்டு மரபணுக்களும் வேலை செய்தால் போதும் என்கிறாரே எங்கள் பேராசிரியர்?

ப: பேராசிரியர் கோபிக்கட்டும், போதாது. விந்தகப் புற்றுநோயில் ஒரு வகையை அடையாளம் காண நோய்க்குறியியல் மருத்துவர்கள் தேடுவதே OCT4-ஐத்தான். இன்னும் வேடிக்கை, 2102Ep என்று ஒரு புற்றுச்செல் வகை ஆய்வகங்களில் உண்டு. ஸ்டெம் செல் அடையாளங்கள் அத்தனையும் இருக்கும், ஆனால் எதுவாகவும் மாறாது. பயோடேட்டா பிரமாதம், வேலை ஒன்றும் தெரியாது! போதாக்குறைக்கு OCT4-க்குப் போலி மரபணுக்கள் வேறு பல. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமரைக் கவனமாக வடிவமைக்காவிட்டால் போலியை எண்ணிவிட்டு அசலைக் கண்டதாகப் பேப்பர் எழுதுவீர்கள்.

ஒன்றிரண்டு மரபணுவை மட்டும் நம்ப முடியாததால்தான் 2011-இல் வந்த ‘ப்ளூரிடெஸ்ட்’ என்ற சோதனை இரண்டு மார்க் போடுகிறது. முதலாவது, தெரிந்த ஸ்டெம் செல்களை இது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது. இரண்டாவது, அவற்றில் இல்லாத விநோதம் எவ்வளவு இதில் இருக்கிறது என்பது. முதல் மார்க் கூடவும் இரண்டாவது குறையவும் வேண்டும். புற்றுச்செல் இரண்டிலும் கூடுதலாக வாங்கி மாட்டிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த மார்க் அந்த இரண்டாவதுதான்.

கே: ஒரே செல், எங்கள் லேபில் பாஸ், பக்கத்து லேபில் ஃபெயில். யார் பொய் சொல்கிறார்கள்?

ப: யாரும் இல்லை. அளக்கும் படி வேறு. நகல்களை எண்ணும் க்யூ.பி.சி.ஆர். முறையில் ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிக்கிறது. மூன்று சுற்று பிசகினால் கணக்கு எட்டு மடங்கு பிசகும். இதைச் சமன் செய்ய, எப்போதும் ஒரே அளவில் வேலை செய்வதாக நம்பப்படும் ஒரு மரபணுவை அளவுகோலாக வைப்பார்கள். பெரும்பாலும் GAPDH. அதுவோ சர்க்கரையை எரிக்கும் வேலையில் இருப்பது. ஸ்டெம் செல்லுக்குச் சர்க்கரைப் பசி அதிகம், வேறு செல்லாக மாறும்போது பசி மாறும். படியே சுருங்கினால் அதே அரிசி கூடுதல் படியாகத் தெரியாதா? ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல் வையுங்கள், அவை ஆடவில்லை என்று காட்டுங்கள் என்று 2009-இன் ‘MIQE’ நெறிமுறை சொல்கிறது. வளர்ப்பு ஊடகமும் வேறாக இருக்கலாம். செல்கூட்டத்தின் ஓரத்தில் சில செல்கள் ஏற்கெனவே குரூப் எடுத்திருக்கவும் கூடும். அவற்றையும் சேர்த்து அரைத்தால் சராசரிதான் வரும்.

கே: உலகத்துக்கே ஒரே படி வைக்க யாரும் முயலவில்லையா?

ப: முயன்றார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து பீட்டர் ஆண்ட்ரூஸ் வழிநடத்திய சர்வதேச ஸ்டெம் செல் கூட்டுமுயற்சி 17 ஆய்வகங்களின் 59 கரு ஸ்டெம் செல் வகைகளை ஒப்பிட்டு 2007-இல் முடிவை வெளியிட்டது. NANOG, TDGF1, DNMT3B, GABRB3, GDF3 ஆகியவை எங்கும் சேர்ந்தே தென்பட்டன. இதே கூட்டணி 2018-இல் சோதனைகளையே சோதித்தது. ப்ளூரிடெஸ்ட் ‘இது இன்னும் மாறாத செல்’ என்று சொல்கிறது. செல்லை உருண்டையாகத் திரட்டி மாறவிட்டு, பிறகு மரபணுக்களை எண்ணினால் ‘மாறத் தெரியும்’ என்று தெரிகிறது. புற்றாகத் திரும்புமா என்ற கேள்விக்குச் சுண்டெலியிடம்தான் பதில் இருந்தது. சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கத்தின் 2023 தரவரையறையும், அடையாள மரபணு இருப்பதையே திறமைக்குச் சாட்சியாக எழுதாதீர்கள் என்கிறது.

கே: அமிலத்தில் முக்கினால் ஸ்டெம் செல் என்று ஜப்பானில் ஒரு பரபரப்பு வந்ததே?

ப: ஜனவரி 2014-இல் வந்தது, ஜூலையில் வாபஸ். OCT4 வேலை செய்தால் பச்சையாக ஒளிரும்படி அமைத்திருந்தார்கள். சாகப்போகிற செல்லும் பச்சையாக மினுங்கும். கடைசியில் அகப்பட்டவை எப்படியோ கலந்துவிட்ட பழைய கரு ஸ்டெம் செல்கள்.

கே: சிகிச்சைக்கு வரும்போது இந்தச் சோதனை எதற்கு?

ப: அங்கே தலைகீழ். விழித்திரைக்கென்று வளர்த்த செல்களில் மாறாத ஸ்டெம் செல் ஒன்றிரண்டு தங்கினால் நோயாளியின் கண்ணுக்குள் கட்டி வரலாம். அதனால் LIN28 என்ற மரபணுவைத் தேடுகிறார்கள். 0.002 சதவீதம் தங்கியிருந்தாலும் பிடிக்க முடியும் என்று ஜப்பானியர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பரீட்சையில் பூஜ்யம் வாங்கினால்தான் பாஸ்.

கே: NANOG என்றால் என்ன சுருக்கம்?

ப: சுருக்கமே இல்லை. ‘டீர் நா நோக்’ என்ற கெல்டியக் கதைகளின் நித்திய இளமை நாட்டிலிருந்து வந்த பெயர். வைத்தது எடின்பரோ ஆய்வகம். நம்மூரில் கண்டுபிடித்திருந்தால் மார்க்கண்டேயன்.