டி.டி.ஆர். இளைத்த கதை

ஆறு கிலோ குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்குத்தான். போன சித்திரையில் சொன்னார். ஆனி பிறந்தபோது எங்கள் வீட்டில் ஒருவர் இளைத்திருந்தார். அது நான் இல்லை.

இளைத்தவர் டி.டி.ஆர். ஏழு வயது ஆண் பூனை. சாம்பல் கோட்டு, வெள்ளைக் காலர். நான் ஐ.சி.எஃப்.பில் 34 வருஷம் ரயில் பெட்டி செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் வைத்த பெயர் என்று அயனாவரத்தில் பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் வேறு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல், எல்லோரும் தூங்கிய பிறகு, அது ஒவ்வொரு கட்டிலாக வரும். முகத்துக்கு நேரே குனிந்து பார்க்கும். சரிதான், இந்த ஆளுக்கு பெர்த் உண்டு என்று திருப்தியானால் அடுத்த கட்டிலுக்குப் போகும். திருப்தியாகாவிட்டால் மார்பில் ஏறி உட்கார்ந்து எழுப்பும். ஊரிலிருந்து வந்த மச்சினனை ஒரு முறை ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பித் திண்ணைக்கே அனுப்பியிருக்கிறது.

விஷயம் வெளிப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய பேப்பர்க்காரர் வந்திருந்தார். மூன்று மாதப் பேப்பரைச் சாக்கில் அடைத்து ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டார். "பதினொண்ணு சார்" என்றார். இறக்கிக் காலி செய்தார். காலிப் பை, காலிச் சாக்கு, காலி அட்டைப்பெட்டி எதைக் கண்டாலும் பூனைக்கு உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும். டி.டி.ஆர். சாக்கில் இறங்கிவிட்டது. அவர் விளையாட்டாகச் சாக்கோடு தூக்கிக் கொக்கியில் மாட்டினார்.

"மூணு இருநூறு சார்."

சிரித்துக்கொண்டிருந்த நான் நிறுத்தினேன். ஜனவரியில் வெறிநாய்த் தடுப்பூசி போட்டபோது ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த எடை 4.600. சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. ஐந்து மாதத்தில் ஒரு கிலோ நானூறு கிராம் போயிருக்கிறது. என் கணக்குக்கு அது மூன்றில் ஒரு பங்கு பூனை.

வீடு மாநாடு போல ஆகிவிட்டது.

எண்பத்திரண்டு வயது அம்மா முதலில் தீர்ப்புச் சொன்னாள். "கண்ணு பட்டுடுச்சுடா. எதிர்வீட்டுப் பொண்ணு அன்னிக்கே சொன்னா, உங்க பூனை எப்பிடி கொழுகொழுன்னு இருக்குன்னு." உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் பூனையைத் தவிர எல்லோரும் இருமினோம். நெடி வந்தால் கண் படவில்லை என்று அர்த்தமாம். அம்மா அதை ஏற்கவில்லை, மிளகாய் மட்டம் என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா பூச்சி என்றார். மனைவி, "வயசாகுதுங்க, கவலை இருக்காதா?" என்றாள். பூனைக்கு என்ன கவலை, பென்ஷனா, அரியர்ஸா? பெங்களூரில் இருக்கும் மகன் வீடியோவில் வந்து, "அப்பா, நாக்கை நீட்டச் சொல்லுங்க" என்றான். யார் சொல்வது?

தெனாலிராமன் கதையை எடுத்துவிட்டதும் அம்மாதான். கிருஷ்ணதேவராயர் ஆளுக்கொரு பூனையும் பால் கொடுக்க ஒரு பசுவும் தந்தார். எல்லோர் பூனையும் கொழுத்தது, தெனாலிராமன் பூனை மட்டும் எலும்பும் தோலுமாக இருந்தது. பால் கிண்ணத்தைக் கண்டாலே அலறி ஓடியது. முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்து வாயைச் சுட வைத்துவிட்டு, மீதிப் பாலையெல்லாம் தான் குடித்துவிட்டான் என்பது கதை. "உம் பூனையும் அப்பிடித்தான் ஓடுது" என்றாள் அம்மா. அதைச் சொல்லிவிட்டு என் தொப்பையைப் பார்த்தாள்.

பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. பூனைக்கு வாங்கும் நெத்திலியில் எனக்கும் கொஞ்சம் வறுக்கச் சொல்வது உண்டு. ஆனால் அவள் சொன்னது உண்மைதான். சில நாட்களாக டி.டி.ஆர். ஆசையாகத் தட்டுக்கு வரும், மோந்து பார்க்கும், ஒரு வாய் கடிக்கும், திடீரென்று தட்டையே பார்த்துச் சீறிவிட்டுப் பின்னால் ஓடும். குழம்பில் உப்பு அதிகமோ என்று நான் என் மனைவியைத்தான் சந்தேகித்தேன். சொல்லவில்லை.

அன்று ராத்திரி போனில் படித்தேன். பெரிய தவறு. இளைக்கும் பூனை நன்றாகச் சாப்பிட்டால் தைராய்டு அல்லது சர்க்கரை. சாப்பிடாமல் இளைத்தால் சிறுநீரகம், குடல், வாய். பட்டியலைப் பார்த்தால் எங்கள் வீட்டு மாத்திரை டப்பா போலவே இருந்தது. எனக்குச் சர்க்கரை, மனைவிக்குத் தைராய்டு, அம்மாவுக்கு சிறுநீரகம். குடும்பத்தோடு ஒட்டி வாழும் பூனைதான். பூனைக்கும் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் என்பதே 1979-இல்தான் முதலில் மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்ததாம். அதற்கு முன் இளைத்த பூனைகளையெல்லாம் கிழம் என்று விட்டுவிட்டார்கள் போல.

இன்னொன்றும் படித்தேன், தூக்கமே போய்விட்டது. பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து அடைத்துக்கொள்ளும். நாயைப் போலப் பட்டினி கிடக்கிற உடம்பு இல்லை அது. ஏகாதசி, கிருத்திகை எல்லாம் பூனைக்கு ஆகாது.

காலையில் அம்மா கையில் பாராசிட்டமால் அட்டை. "கால் மாத்திரை பொடி பண்ணிக் குடுத்தா உள்காய்ச்சல் போயிடும்." நல்லவேளையாக அதுவும் முந்தின ராத்திரி படித்ததுதான். பாராசிட்டமாலைப் பிரித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. நமக்கு ஜுரம் குறைக்கும் மாத்திரை பூனையின் ரத்தத்தையே கெடுத்து உயிரை எடுத்துவிடும். அட்டையைப் பிடுங்கினேன். "மாத்திரைய பிடுங்குறான் பார்" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அதற்காகப் பின்னால் மன்னிப்பும் கேட்டேன், ஆனால் அட்டையைத் திருப்பித் தரவில்லை.

எடையை உறுதிப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. வழி எளிது. முதலில் நான் மட்டும் எடைமேடையில் ஏறுவது, பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது, கழிப்பது. மனைவி முன்னால் ஏறினேன், அதுதான் பிசகு. முள் 78-ஐத் தாண்டி நின்றது. "நீங்க 73-னுதானே சொன்னீங்க?" பூனையோடு ஏறினால் ஒரு தரம் 81, ஒரு தரம் 83. மூன்றாவது தரம் பூனை என் தோளில் நான்கு கோடு போட்டுவிட்டுக் குதித்துவிட்டது. ஆக, பூனை மூன்று கிலோவாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். என் எடை மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்துபோனது. அன்று முதல் ராத்திரிக்கு எனக்குக் கோதுமை ரவை உப்புமா.

புதன்கிழமை வேப்பேரி போனோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, அதன் ஆஸ்பத்திரி. காய்கறிக் கூடை இரண்டைக் கவிழ்த்துக் கட்டிப் பூனையை உள்ளே வைத்தேன். ஆட்டோக்காரர் கூடையை எட்டிப் பார்த்தார். "சார், பூனை குறுக்க போனாலே ஆகாதுன்னுவாங்க. இது ஏறியே உக்காந்துகிச்சே?" பரிகாரத்தையும் அவரே சொன்னார். மேலே ஐம்பது ரூபாய்.

காத்திருக்கும் இடத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு ராஜபாளையம் நாய், இரண்டு ஆடு, காலில் கட்டுப்போட்ட ஒரு சேவல். வீட்டில் எல்லோரையும் எழுப்பி விசாரிக்கும் டி.டி.ஆர். கூடைக்குள் டிக்கெட் இல்லாத பயணி போல ஒடுங்கிக்கொண்டது. குர்குர் என்று சத்தம் மட்டும் வந்தது. சந்தோஷம் போல என்றேன். பக்கத்தில் பூனை வைத்திருந்த பெண், "வலியிலயும் குர்குர்னும் அங்கிள்" என்றது. ஏழு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை தடவை தப்பாகப் பூரித்திருக்கிறேனோ.

உள்ளே எலெக்ட்ரானிக் எடைமேடை. வைத்தார்கள். 4.050.

எனக்குக் கால் தரையில் படவில்லை. "ஒண்ணரைக் கிலோ குறையல டாக்டர்! 550 கிராம்தான்!" என்று கத்தினேன். டாக்டரம்மாவுக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். சிரிக்கவில்லை. "சார், 4.600-ல 550 போச்சுன்னா நூத்துக்கு 12. பூனைக்கு நூத்துக்கு 10 குறைஞ்சாலே பாக்கணும். உங்க எடையில நூத்துக்கு 12 போனா எவ்வளவு குறையும், சொல்லுங்க?" மனைவி மனக்கணக்கில் கெட்டிக்காரி. "ஒன்பது கிலோ டாக்டர், போனா நல்லதுதான்" என்றாள்.

பால் கொடுக்கிறீர்களா என்றார். கொடுப்போம் என்றேன். வளர்ந்த பூனை பலதுக்கும் பால் செரிக்காது, வயிற்றால் போகும், தண்ணீர் வைத்தால் போதும் என்றார். தெனாலிராமன் பூனைக்கு நல்லதுதான் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். தட்டைப் பார்த்துச் சீறி ஓடுவதைச் சொன்னேன். அதற்குத்தான் காத்திருந்தவர் போல, "வாயைத் திறந்து பாத்தீங்களா?" என்றார்.

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கண் திருஷ்டி பார்த்தாயிற்று, பூச்சி பார்த்தாயிற்று, கவலை பார்த்தாயிற்று, சிறுநீரகம் தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. சாப்பிடாத பிராணியின் வாயை யாரும் பார்க்கவில்லை.

அவர் ஒரு கையால் தலையைப் பிடித்து, மறு கை விரலால் கீழ்த் தாடையை இறக்கினார். பூனைக்கு மொத்தம் 30 பல். அதில் இடது கீழ்க் கடைவாயில் இரண்டு, ஈறோரத்தில் சிவந்து குழிந்திருந்தன. பல்லை உடம்பே கரைத்துவிடும் ஒரு வியாதியாம், பூனைகளுக்குச் சகஜமாம், ஏன் வருகிறது என்பது முழுதாகப் பிடிபடவில்லையாம். நரம்பு திறந்துகிடக்கும், கடித்தால் சுரீர் என்று இழுக்கும். பூனைக்குப் பல் என்று தெரியாது, தட்டுதான் கடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். கதையில் வந்த பூனை கிண்ணத்தைக் கண்டு ஓடியதும் இதே தர்க்கம்தான். அம்மா கேலிக்குச் சொன்னது அப்படியே நோய்க்குறிப்பு. வீட்டுக்குப் போனதும் சொன்னேன். "நான் சொன்னா எவன் கேக்குறான்" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். மாத்திரைக் கோபமும் அதோடு தீர்ந்தது.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. வீட்டிலேயே நல்ல ரிப்போர்ட் அதனுடையதுதான். மயக்க மருந்து கொடுத்து இரண்டு பல்லையும் எடுத்தார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கி, பென்ஷன் ஆபீசில் ஒத்துக்கொள்ள முடியாத ஒரு கையெழுத்து விழுந்தது. மறுநாள் சாயங்காலம் உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீனை நக்கியது. நாலாம் நாள் தட்டைத் தள்ளிக்கொண்டே சாப்பிட்டது. அடுத்த வாரம் ராத்திரி மூன்று மணிக்கு என் மார்பில் ஒரு கனம். செக்கிங் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியிடம் ஆஸ்துமா என்றேன்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தராசில் 3.200. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் 4.050. மூன்று நாளில், அதுவும் சரியாகச் சாப்பிடாத பூனை, 850 கிராம் ஏற முடியாது. அப்படியென்றால் அந்தத் தராசு கிலோவுக்கு இருநூறு கிராமுக்கு மேல் விழுங்குகிறது. பதினொரு கிலோ என்று நான் விற்றது பதினான்கு. இருபது வருஷப் பேப்பரைப் பெருக்கிப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன், ரத்த அழுத்தம் வேறு இருக்கிறது. தராசுக்கு அரசு முத்திரை வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் சொல்கிறது. தெருவில் கூவி வருகிற தராசில் முத்திரையை யார் தேடினார்கள்? நானும் தேடவில்லை.

கோபப்படவும் முடியவில்லை என்பதுதான் சிக்கல். அந்தத் தராசு நேர்மையாக 4.050 என்று காட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அரைக் கிலோதானே, வெயில் காலம் என்று விட்டிருப்பேன். பல் இன்னும் இரண்டு மாதம் வலித்திருக்கும். அந்தப் பொய் என்னைப் பயமுறுத்தித்தான் வேப்பேரிக்கு விரட்டியது. புகார் கொடுப்பதா, நன்றி சொல்வதா என்று மனைவியைக் கேட்டேன். "மொதல்ல அந்த ஆள் வரட்டும்" என்றாள்.

ஆவணியில் வந்தார். முந்தின நாள்தான் டி.டி.ஆரை மறுபரிசோதனைக்குக் கொண்டுபோயிருந்தேன். எடை 4.450, சீட்டில் முத்திரையோடு. எங்கள் தெருவில் இன்றைக்கு அரசாங்கம் சரிபார்த்த படிக்கல் ஒன்றே ஒன்றுதான், அதற்கு வால் உண்டு. பேப்பர் போடும் முன் சாக்கை விரித்தேன். வழக்கம்போலத் தானே இறங்கியது. அவரே கொக்கியில் மாட்டினார். முள்ளைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"மூணரைதான் சார் இருக்கு. இன்னும் தேறல. வேற நல்ல டாக்டரா பாருங்க."