அம்மாக்களுக்கு முதல் பரிசு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துத் தனியார் பள்ளிகளைக் குறை சொல்வது இப்போது பெரிய நாகரிகமாகிவிட்டது. பீஸ் அதிகமாம், எல்லாம் மனப்பாடமாம், பிள்ளைகள் தூங்குவதே இல்லையாம். பருவ முடிவில் பள்ளிகள் வெளியிடும் அந்தப் பளபளப்பான மலரை குறை சொல்கிறவர்கள் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை எந்த வகுப்பு என்னென்ன செய்தது என்று வண்ணப் படங்களோடு போட்டிருப்பார்கள். பேத்தி படிக்கும் பள்ளியின் மலரை நான் அட்டை முதல் அட்டை வரை வாசித்தேன். மற்ற ஊர்ப் பள்ளிகள் பிள்ளைக்கு மட்டும் பாடம் சொல்லிவிட்டு, வாங்கிய பணத்துக்குக் கணக்கு முடித்துவிடுகின்றன. அதே பணத்தில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரையும் படிக்க வைக்கிற பெருந்தன்மை தென் சென்னைக்கே உரியது.

எல்.கே.ஜி.யில் ஆரம்பத்திலேயே மஞ்சள் தினம் வந்துவிடுகிறது. மஞ்சள் சட்டை, மஞ்சள் ரிப்பன், டப்பாவில் எலுமிச்சம்பழ சாதம். மூன்றரை வயதாகியும் ஒரு குழந்தைக்கு மஞ்சள் தெரியாமல் போய்விடுமோ என்ற பள்ளியின் கவலையில் நியாயம் இருக்கிறது. சுற்றறிக்கை முதல் நாள் இரவு எட்டரை மணிக்கு வாட்ஸப்பில் வரும். அப்பா உடனே ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் புகுந்து புறப்படுவார். அடுத்து காய்கறி தினம். அட்டையில் வெட்டிய கத்தரிக்காயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குழந்தை மேடையேறி, "ஐ யாம் எ பிரிஞ்ஜால்" என்று சொல்லிவிட்டு அழும். அந்த அழுகைக்குச் சற்று முன் எடுத்த படம் மலரில் அரைப்பக்கம் வந்திருக்கிறது. நல்ல கேமரா.

மாறுவேடப் போட்டிக்காக மயிலாப்பூருக்கு நாம் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். கபாலி கோயிலைச் சுற்றி நாட்டிய நகையும் உடையும் கிடைப்பதால் ஆண்டாள் கொண்டைக்கும் பாரதி முண்டாசுக்கும் அலைய வேண்டியதில்லை. சென்ற ஆண்டு 'நமக்கு உதவுவோர்' என்பது தலைப்பு. டாக்டரும் போலீசும் வரிசையில் நிற்க, ஒரு குழந்தை ஒளிரும் பச்சை மேலங்கியும் கையில் துடைப்பமுமாகத் தூய்மைப் பணியாளராக வந்தது. புதுமைக்கென்று முதல் பரிசு அதற்குத்தான். மேடைக்குக் கீழே கொட்டிய ஜூஸை ஆயாம்மா துடைத்துக்கொண்டிருந்தார். அவரையும் மேலே கூப்பிட்டு நிகழ்ச்சியின் ஒழுங்கைக் கெடுக்கிற புத்தி யாருக்கும் வரவில்லை.

மழலைப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மாண்டிசோரி என்று இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கே வந்தவர். ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் மூண்டுவிட்டதால் 1946 வரை இந்த நாட்டிலேயே தங்க நேர்ந்தது. பாவம், பழங்கால மனுஷி. குழந்தை தானே பொத்தான் போடட்டும், தானே தண்ணீர் ஊற்றட்டும், உடைந்தாலும் பரவாயில்லை, கண்ணாடித் தம்ளரையே கையில் கொடுங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டார். நம் பள்ளிகள் அந்த அபாயத்தை நாசூக்காக நீக்கியிருக்கின்றன. தம்ளர் பீரோவுக்குள், பெயர் பலகையில்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இந்தப் பள்ளிகளின் சட்டபக்தி பளிச்சென்று தெரிகிறது. அந்த வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அன்றிலிருந்து வீட்டுப்பாடம் என்ற பேச்சே கிடையாது, 'ஆக்டிவிட்டி' மட்டும்தான். அதே ஆண்டு நவம்பரில், ஒன்றிலும் இரண்டிலும் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தது. பள்ளி அதற்கும் அப்படியே கட்டுப்பட்டது. முதுகுப்பையில் எடை இல்லை. சாப்பாட்டுக்கு ஒன்று, ஆக்டிவிட்டிக்கு ஒன்று, கராத்தே உடைக்கு ஒன்று என்று மற்ற பைகள் தனி. அவற்றைத் தாத்தா தூக்குகிறார். தாத்தாவுக்கு உச்சவரம்பு எதையும் எந்தச் சுற்றறிக்கையும் விதிக்கவில்லை.

மலரின் மகுடம் நாலாம் வகுப்பின் ஐந்திணை மாதிரிதான். அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. இரவு ஒன்பதரைக்கு லஸ் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எந்த ஸ்கூல் சார்? நாலாவதா? அப்ப ஐந்திணை. குறிஞ்சிக்குப் பாசி இருக்கு, முல்லைக்குப் பிளாஸ்டிக் மாடு இருக்கு. மணல் ஒரு பாக்கெட் போதும், பாலைக்கும் நெய்தலுக்கும் பிரிச்சுப் போட்டுக்கலாம்."

"கழுகு, செந்நாய் ஏதாவது கிடைக்குமா?"

"அதெல்லாம் நேத்தே இன்னொரு ஸ்கூல்காரங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஒட்டகம் தரேன், பாலைல வெச்சிடுங்க."

பாடத்திட்டம், கால அட்டவணை, எந்த மிஸ் எந்த நிற சார்ட் கேட்பார் என்பது வரை அந்த மனிதருக்கு அத்துப்படி. கல்வித் துறை அவரைக் கலந்தாலோசிக்கலாம். ஒட்டகத்தை வாங்கி வந்தேன். மருமகள் நள்ளிரவு வரை தெர்மாகோலில் மலை வெட்டினாள். அவள் வேலை பார்ப்பது மென்பொருள் நிறுவனத்தில்; இப்போது நிலம் ஐந்துக்கும் கருப்பொருள் சொல்வாள். பேத்தி எட்டரைக்கே தூங்கிவிட்டாள். காலையில் படம் எடுக்க முகம் தெளிவாக இருக்க வேண்டுமல்லவா? பாலையில் ஒட்டகம் நின்றதற்கு மிஸ் நட்சத்திரம் ஒட்டி அனுப்பினார்.

இந்த இடத்தில் இன்னொரு நுட்பத்தையும் பாராட்ட வேண்டும். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. வலை பின்னுகிறார்கள், கட்டுமரம் கிடக்கிறது, மீன் விற்கிறது. நெய்தல் நிலம் நேரிலேயே, அதுவும் இலவசமாக. ஆனால் அங்கே கூட்டிப் போனால் பிள்ளைகளின் வெள்ளைச் சாக்ஸில் மணல் ஒட்டும், கவுச்சி அடிக்கும், யாராவது ஒரு மீனவர் பாடப் புத்தகத்தில் இல்லாத எதையாவது சொல்லித் தொலைப்பார். நீல செலோபேன் தாளில் அந்தத் தொந்தரவுகள் ஏதும் இல்லை. கல்விச் சுற்றுலா என்று ஒன்று தேவைதான். அதற்குக் குளிர்சாதன பஸ்ஸில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் வந்தார்கள். சுற்றுச்சூழல் தினத்துக்கும் தெர்மாகோலிலேயே பூமி உருண்டை செய்தார்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் தெர்மாகோல், தட்டாகவோ கோப்பையாகவோ வந்தால் தடை. பூமியாக வந்தால் சான்றிதழ்.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நம் அதிர்ஷ்டம் புரியும். இதே சென்னையில் 2003-இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று ஒன்றைத் தொடங்கினார். பிறகு அது எல்லா மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007-08-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுமைக்கும் போனது. அங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். ஏழைப் பிள்ளைகள் அலமாரியிலிருந்து தங்கள் பாட அட்டையைத் தாங்களே எடுத்தார்கள். வருகையைத் தாங்களே பதிந்தார்கள். இன்று வெயிலா மேகமா என்று எட்டிப் பார்த்துக் காலநிலை அட்டவணையில் குறித்தார்கள். சுவரின் அடியில் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கொரு பகுதி. ஒருத்தி கற்றல் ஏணியில் மேலே இருந்தால் இன்னொருவன் கீழே இருக்கலாம், அவரவர் வேகம் அவரவருக்கு. ஆசிரியரோ பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்! வகுப்பின் குறுக்கே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்த கோணல் மாணல் யானைகளை அப்படியே தொங்கவிட்டார்கள். திருத்திக் கொடுக்க ஓர் அம்மா இல்லை, அம்மாக்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பேருக்கு ஒரு தெர்மாகோல் துண்டுகூடக் கிடையாது. செயல்வழிக் கற்றல் என்று சொல்லிவிட்டு, செயலைக் குழந்தை தலையிலேயே கட்டிவிட்ட அந்தக் கொடுமையைத் தென் சென்னைத் தனியார் பள்ளிகள் ஒருநாளும் செய்ததில்லை.

ஆறு முதல் எட்டு வரை ரோபோவும் கோடிங்கும். ஆய்வகம் அருமையாக இருக்கிறது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சாவி பிரின்சிபாலிடம்.

ஒன்பதில் பள்ளியின் தொலைநோக்கு தொடங்குகிறது. தீபாவளி கழிந்ததும் பத்தாம் வகுப்புப் பாடம் வந்துவிடும். பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே பிளஸ் டூவை இரண்டு வருடம் உருட்டும் கலை மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் செழித்து வளர்ந்தது. அரசுக்குப் பொறுக்கவில்லை. 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்து அந்தக் கலையை நசுக்கப் பார்த்தது. நல்ல வேளையாக 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அந்தக் கல்வியாண்டிலிருந்தே பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளின் சுமை குறையட்டும் என்பது அரசின் எண்ணம். பள்ளிகள் அதே எண்ணத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், பிளஸ் ஒன் பாடத்தையே குறைத்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. மலரிலும் பதினொன்றாம் வகுப்புக்குப் பக்கம் இல்லை. பன்னிரண்டுக்கு உண்டு: ஒரே ஒரு படம், எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பருவக் கடைசியில் மாணவர்களே முன்னின்று நடத்தும் பெற்றோர் சந்திப்பு நடந்தது. தான் செய்ததைக் குழந்தையே பெற்றோருக்கு விளக்க வேண்டுமாம். பேத்தி ஐந்திணையின் முன் நின்று, மலையை எப்படி வெட்டினேன், அருவிக்குப் பஞ்சை எப்படி ஒட்டினேன் என்று மருமகளுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மருமகள் அதையெல்லாம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவள்போல் கண்களை விரித்துத் தலையாட்டினாள். வகுப்பு முழுக்க அம்மாக்கள் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மிஸ் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு படிவம் நீட்டினார். மகிழ்ச்சி, ஆர்வம், பங்கேற்பு மூன்றுக்கும் மருமகள் ஐந்து நட்சத்திரம் போட்டாள். அடுத்த பருவத்தில் முன்னேற வேண்டிய திறன் என்ன என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'தெர்மாகோலை உதிராமல் வெட்டுதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.