போன மாசமும் இதைத்தானே செஞ்சீங்க?

ஆறு மரக்கட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று புகுத்திப் பூட்டுவதற்கு, காகிதத்தில் போட்டுப் பார்த்தால், 3,565 கோடியே 71 லட்சத்து 31 ஆயிரத்து 235 வழிகள் இருக்கின்றன. பில் கட்லர் என்ற அமெரிக்கர் 1987-இல் கணினியை முடுக்கிவிட்டு, 1990-இல் எண்ணி முடித்தார். எண்ணிக்கையைக் கேட்டு மலைப்பவர்கள் மலைக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்த 3,565 கோடியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். வெட்டு, குழி, வேலைப்பாடு எல்லாம் உள்ளே. வெளியே தெரிவது, பக்கத்துக்கு இரண்டு முனை நீட்டிக்கொண்டு நிற்கும் ஓர் உருண்டை முள்.

இப்படிப்பட்ட பொருளை வடிவமைப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டவனுக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி ராத்திரியாகக் கணினி முன்னால் உட்கார்ந்து, ஆசாரியிடம் கெஞ்சி, மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கி, புது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைப்பேன். மனைவி முறுக்குப் பிழிந்துகொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

"போன மாசமும் இதைத்தானே செஞ்சீங்க?"

இல்லை என்று நிரூபிக்க அதைக் கழற்றிக் காட்ட வேண்டும். கழற்றிக் காட்டினால் புதிர் போச்சு. கவிஞனுக்கோ ஓவியனுக்கோ இந்தச் சங்கடம் கிடையாது.

விளையாட்டு என்னமோ பழையதுதான். சீனாவில் இதை லூ பான் பூட்டு என்கிறார்கள். லூ பான் அந்த ஊர் தச்சர்களின் ஆதிகுரு. மகனின் புத்தியைச் சோதிக்க இதைச் செய்து கொடுத்தார், பையன் விடிய விடிய உட்கார்ந்து கழற்றினான் என்று கதை. சிலர் இதைப் போர்த்தந்திரி கொங்மிங்கின் பேரில் எழுதி வைக்கிறார்கள். மேற்கே எட்வின் வயாட் 1928-இல் மரப்புதிர்களுக்கென்றே புத்தகம் போட்டார். ஜெர்ரி ஸ்லோக்கம் என்ற அமெரிக்கர் புதிர்களைச் சேர்த்துச் சேர்த்து, 30,000-க்கும் மேலே போன பிறகு, 2006-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "முப்பதாயிரத்தையும் யாரு தூசி தட்டினா?" என்று கேட்டாள். வரலாற்றாசிரியர்கள் யாரும் எழுப்பாத கேள்வி.

கணக்கு ஒன்றும் பயமுறுத்துவதல்ல. கட்டை ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் கனம், நாலு அங்குல நீளம். நடுப்பகுதியை அரை அங்குலக் கனசதுரங்களாக மனத்தில் பிரித்துக்கொண்டால், வெட்டி எடுக்கத் தோதானவை 12. ஒவ்வொன்றையும் வெட்டலாம், அல்லது விட்டுவிடலாம். ஆக 4,096 வகைக் கட்டைகள். வெட்டும்போதே இரண்டாகப் போய்விடுபவை, புரட்டிப் பார்த்தால் இன்னொன்றாகவே இருப்பவை, ஒன்றுக்கும் ஆகாதவை எல்லாம் போக மிஞ்சுவது 837. அவற்றில் ஆறைத் தேர்ந்தெடுப்பதுதான் என் வேலை. கேட்க, மளிகைக் கடையில் பருப்பு பொறுக்கும் சமாச்சாரம்போல எளிதாகத்தான் படும்.

ஆனால் காகிதத்தில் பொருந்துவது வேறு, கையில் பொருந்துவது வேறு. அந்த 3,565 கோடியில் நிஜமாகவே மாட்டிக் கழற்றக்கூடியவை 600 கோடிக்கும் குறைவு என்பது கட்லரின் மதிப்பீடு. மற்றதிலெல்லாம் ஆறு கட்டைகளும் உள்ளே நெருக்கடியின்றி அமர்ந்திருக்கும். எப்படி உள்ளே வந்தன என்பதற்கு மட்டும் பதில் இருக்காது.

உள்ளே பொட்டு இடைவெளிகூட இல்லாமல் அடைத்துச் செய்யும் வகை ஒன்று உண்டு. அதில் மொத்தமே 1,19,979 அமைப்புகள்தான். பார்க்கக் கெட்டி. ஆனால் முதல் இழுப்பிலேயே பிரிந்துவிடும். பிரியாமல் வேறு என்ன செய்யும்? உள்ளே நகர இடமில்லாத கட்டைக்கு வெளியே போவதைத் தவிர வழி கிடையாது. உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்ததுதான் ஆளைக் கொல்லும். ஒரு கட்டை அரை அங்குலம் நகரும், அதனால் இன்னொன்று கொஞ்சம் இறங்கும், முதல் கட்டை பழைய இடத்துக்கே திரும்பும், மூன்றாவது அசையும். இப்படி முதல் கட்டையை வெளியே எடுப்பதற்குள் 12 நகர்வு வரைக்கும் இழுத்தடிக்கலாம் என்று கட்லரின் கணக்கு சொல்கிறது. அதற்கு மேல் ஆறு கட்டையால் முடியாது. உள்ளே எவ்வளவு காலியோ அவ்வளவு சிக்கல். மரத்தைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் சரிபார்க்க பர்டூல்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆண்ட்ரியாஸ் ரோவர் எழுதியது, இலவசம். கட்டைகளின் வடிவத்தை உள்ளிட்டால், எத்தனை விதமாகச் சேரும், எத்தனை நகர்வில் பிரியும் என்று சொல்லிவிடும். நல்ல புதிருக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வட்டாரத்தில் எழுதப்படாத சட்டம். ஆறு கட்டைகளை இடம் மாற்றி, தலைகீழாக்கி வைத்துப் பார்க்க 3,840 விதம் உண்டு. அதில் ஒன்று மட்டும் சேர வேண்டும், மற்ற 3,839-உம் ஆசை காட்டி மோசம் செய்ய வேண்டும். கணினி எனக்கு வரிசை வரிசையாக விடை துப்பும். நான் அதில் நகர்வு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. கடைசிக் கட்டைக்கு முந்தின கட்டை எவ்வளவு பாசாங்கு செய்கிறது என்று பார்ப்பேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்ப வைத்து, ஒரே ஒரு கட்டை மட்டும் நுழைய மறுக்கும் நிலை இருக்கிறதே, அதுதான் ருசி. இந்த ருசிக்குக் கணினியில் பொத்தான் கிடையாது.

வடிவம் தேறியதும் ஆசாரியின் பட்டறைக்குப் போவேன். என் வரைபடத்தை அவர் முதன்முதலில் பார்த்த அன்று, காதிலிருந்து பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்துக்கொண்டார்.

"சார், கதவுன்னா தொறக்கணும், பொட்டின்னா மூடணும். இது என்ன பண்ணணும்?"

"ரெண்டும் பண்ணணும் ஆசாரியாரே. ஆனா லேசுல பண்ணக் கூடாது."

"லேசுல தொறக்கக் கூடாதுன்னா சொல்லுங்க, ஃபெவிகால் தடவிட்டுர்றேன். ரெண்டு நிமிஷ வேலை."

யோசித்தால் இந்தத் தொழிலின் முழுத் தத்துவமும் அவர் கேள்வியில் இருக்கிறது. திறக்க முடியாததைச் செய்ய யாருக்கும் மூளை வேண்டாம். ஒரு வழியை வைக்க வேண்டும், அதைக் கண்முன்னாலேயே வைக்க வேண்டும், வைத்தது தெரியக் கூடாது. இதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கூலி நிலைக்கதவு கணக்கா, ஜன்னல் கணக்கா?" என்றார்.

அடுத்த தகராறு உளியில் வந்தது. கட்டையின் குறுக்கே ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரைக்கும் ஓடும் காடி என்றால் ரம்பத்தாலேயே போட்டுவிடலாம். மூலையில் மட்டும் அரை அங்குலக் குழி வேண்டுமென்றால் உளி வைத்துக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். 837 வகையில் ரம்பத்துக்கு வசப்படுபவை 59 மட்டுமே. இந்த விவரத்தை நான் ஆசாரியிடம் சொல்லியிருக்க வேண்டாம். "அந்த அம்பத்தொம்பதுல ஆறு எடுத்துக்க வேண்டியதுதானே சார்?" என்று பிடித்துக்கொண்டார். எனக்குப் பிடித்த வடிவம் அந்த 59-இல் அடங்கவில்லை என்றேன். "மரத்துக்குப் பிடிக்க வேணாமா?" என்று உளியைத் தீட்ட ஆரம்பித்தார். நாலு நூல் ஆழக் குழி, சுவரெல்லாம் செங்குத்து, மூலையில் ஒரு துணுக்குக்கூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் பக்கத்துக் கட்டை இடிக்கும். கணினிக்கு மூலை என்றால் ஒரு கோடு. ஆசாரிக்கு அது ஒரு மத்தியானம்.

மரம் விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. இடித்த பழைய வீட்டு நிலைச்சட்டத்தின் தேக்குதான். பச்சை மரத்தில் செய்தால் கார்த்திகைக்குள் விஷயம் தெரிந்துவிடும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, அகலவாக்கில் ஈரத்தைக் குடித்து ஊதும். பங்குனி வெயிலில் வழுக்கிக்கொண்டு பிரியும் புதிர், ஐப்பசி அடைமழையில் ஒரே கட்டையாகிவிடும். அதனால் ஒவ்வொரு கட்டையையும் தலைமுடி அளவு குறைத்து இழைக்க வேண்டும். "காத்து விடணும்" என்பார் ஆசாரி. அதிகம் விட்டால் புதிர் கலகலத்து வெட்கமில்லாமல் ஆடும். குறைத்து விட்டால் மழைக்காலத்தில் நண்பர்கள் சுத்தியலைத் தேடுவார்கள்.

நண்பர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதிரைக் கையில் கொடுத்ததும் பாதிப்பேர் செய்வது, காதருகே வைத்துக் குலுக்குவது. தேங்காய் வாங்கிப் பழகிய தேசம். இன்னும் சிலர் கழற்றிவிடுவார்கள். எதையாவது இழுத்து, எங்கேயோ தட்டி, பொலபொலவென்று மேஜையில் கொட்டி, வெற்றிப் புன்னகை பூப்பார்கள். பிறகுதான் கஷ்டகாலம். கழற்றுவது பாதிப் புதிர்கூட இல்லை, திரும்பச் சேர்ப்பதில்தான் அந்த 3,840 காத்திருக்கிறது. அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பல மாதம் கழித்து ஆறு கட்டைகளும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் திரும்பி வரும், சில சமயம் ஐந்து. என் பெரியப்பா ஒருவர், பேரனுக்குப் பல் முளைக்கும்போது கடிக்க வசதியாக இருந்தது என்று ஒரு கட்டையை மட்டும் வைத்துக்கொண்டார். நான் ஆட்சேபிக்கவில்லை. உருப்படியாகப் பயன்பட்ட கட்டை அது ஒன்றுதான்.

கணினியை நம்பினவனுக்கு வேறு ரூபத்திலும் பாடம் வரும். மனைவியின் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு. கோடை விடுமுறைக்கு வந்தவன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே என் புதிரைப் பிரித்துவிட்டான். மென்பொருள் ஏழு நகர்வு என்று சத்தியம் செய்த வடிவம். எப்படிடா என்றேன். "திருகினேன் சித்தப்பா." மென்பொருளுக்குக் கட்டையை நேராக இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியும். திருகத் தெரியாது. அதோடு, கையைக் கிழிக்குமே என்ற நல்லெண்ணத்தில் ஆசாரி விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டியிருந்தார். அந்த உருட்டலில் கிடைத்த இடத்தில் பையன் ஒரு கட்டையைச் சாய்த்துத் திருப்பி, பின்வாசல் வழியாக வெளியேற்றிவிட்டான். எங்கள் உலகில் இதற்கு விடை என்று பெயர் கிடையாது, களவு. அவனிடம் அப்படிச் சொன்னேன். "திறந்துச்சா இல்லையா?" என்றான். ஆசாரியின் வாரிசு.

அதற்குப் பிறகு விளிம்பைக் கூராகவே விடச் சொல்லி, உள்ளே வெற்றிடம் கூட்டி, இன்னொன்று செய்தோம். திருகி ஏமாற்ற முடியாதது. அதைப் பார்த்துத்தான் என் மனைவி முதன்முறையாக ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேட்டாள்.

"ஏங்க, உள்ள காலி காலின்னு சொல்றீங்களே, எம்புட்டு காலி?"

எனக்குக் கண் கலங்காத குறை. அரை அங்குலத்துக்கு அரை அங்குலம், சில இடத்தில் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல என்று படம் போட்டே விளக்கினேன். அவள் உள்ளே போய் வைர மூக்குத்தியுடன் வந்தாள். மறுநாள் குலதெய்வம் கோயிலுக்கு ஊருக்குக் கிளம்புகிறோம், வங்கி விடுமுறை, லாக்கர் கிடையாது.

"திருடன் வந்தா இதைத் தொடுவானா? நம்ம வீட்டுலயே ஒருத்தரும் தொடுறதில்லையே."

மறுக்க முடியாத வாதம். மூக்குத்தியை உள்ளே வைத்து, அவள் பார்க்கப் பார்க்க ஆறு கட்டைகளையும் பூட்டினேன். ஊருக்குப் போய்விட்டு வந்தோம். திருடன் வரவில்லை. வந்திருந்தாலும் சிரமப்பட்டிருப்பான், ஏனென்றால் எனக்கே திறக்கவில்லை. முதல் இரண்டு நகர்வும் சரியாகப் போயின. மூன்றாவதில் கட்டை முட்டிக்கொண்டு நின்றது. காரணம் உடனே புரிந்தது. அந்த வெற்றிடம் சும்மா கிடந்த இடமில்லை, கட்டைகள் நடமாடும் பாதை. பாதை நடுவில் மூக்குத்தி உட்கார்ந்திருக்கிறது. புதிரை அலமாரியிலிருந்து நான் எடுத்த வேகத்தில் திருகாணி கழன்று அது ஒருபக்கம், கல் ஒருபக்கம். ஆறு கட்டைப் புதிர் எட்டு உறுப்புப் புதிராகிவிட்டது. கணினியைத் திறந்தேன். கட்டையின் வடிவத்தை உள்ளிடலாம், நிறத்தை உள்ளிடலாம். மூக்குத்தியை உள்ளிட இடமில்லை.

நான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தபோது அவள் புதிரைக் கையில் எடுத்தாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். இடப்பக்கம் சாய்த்தாள், கொஞ்சம் தட்டினாள், கேட்டாள், தலைகீழாகப் பிடித்தாள். "கல்லு இந்த மூலைக்கு வந்துருச்சு. திருகாணி இன்னும் வரலை… இப்ப வந்துருச்சு. இதை அப்படியே பிடிச்சுக்கிட்டு இழுங்க." இழுத்தேன். மூன்றாவது நகர்வு, நான்காவது, வரிசையாக எல்லாம் வந்தன. கட்டைகள் பிரிய, அவள் முந்தானையை ஏந்தினாள்.

மூக்குத்தியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, திருகாணியைப் போட்டுச் சரிபார்த்துவிட்டு, மேஜையில் கிடந்த கட்டை ஒன்றை எடுத்துக் குழிக்குள் சுண்டுவிரலை விட்டு அளந்தாள்.

"அடுத்ததுல இதைக் கொஞ்சம் பெருசா வெட்டச் சொல்லுங்க. தோடும் வைக்கணும்."