நாட்சவால் இலக்கணம்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்கலாகாது என்று நன்னூலார் கறாராக விதித்துவிட்டார். ஆகவே முதலில் அந்தக் கடமை. எல்லை: வடக்கே அம்பத்தூர் எஸ்டேட், தெற்கே சிறுசேரி சிப்காட். நுதலிய பொருள்: ஒரு தொழிலை விட்டு வேறொன்றுக்குப் போகிறவர், பழைய ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்ததற்கும் புதியது கழுத்தில் விழுவதற்கும் நடுவே, தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் அன்றாடச் சவால். கேட்போர்: வேலையை விட்டோர், விடப்போவதாக வருஷக்கணக்கில் சொல்லிவருவோர், இவ்விரு சாராரையும் பெற்றோர். பயன்: போகப்போகத் தெரியும். ஆக்கியோன் பெயர் மட்டும் சொல்வதற்கில்லை. அவருக்கு நோட்டீஸ் பீரியட் இன்னும் முடியவில்லை.

இனி நூல்.

காலையில் நடப்பது, சர்க்கரையை விடுவது, ஜனவரியில் டைரி எழுதுவது ஆகியவை நாட்சவால் ஆகா. அவற்றைச் செய்கிறவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் விழுந்துவிடுகிறது. நாட்சவாலுக்கு இன்றியமையாத உறுப்பு சம்பளம் வராமை. நோட்டீஸ் பீரியடில் தொடங்குவதும் நாட்சவாலே என்பார் ஒரு சாரார். நூலாசிரியரும் அந்தச் சாராரைச் சேர்ந்தவரே என்றாலும் அது செல்லாது.

அளக்கும் முறையால் இது மூவகைப்படும்: நேரத்தால் அளப்பது, எண்ணிக்கையால் அளப்பது, செய்பொருளால் அளப்பது.

நேரத்தால் அளப்பதற்கு முதல்நூல், அலெக்சாண்டர் கல்லவே 2016இல் தொடங்கிய 'நூறு நாள் கோடிங்'. தினமும் ஒரு மணி நேரமாவது நிரல் எழுத வேண்டும். எழுதியதை அந்நாள் ட்விட்டரில் ஊரறியச் சொல்ல வேண்டும். இவ்வகையின் கேடு, கடிகாரம் கேள்வி கேட்பதில்லை என்பது. வேறொருவர் நிரல் எழுதுவதை யூடியூபில் பார்த்தபடி போன ஒரு மணி நேரமும் ஒரு மணி நேரம்தான்.

எண்ணிக்கைக்கு ஜூலி பவல். நியூயார்க்கில் ஓர் அரசு முகமையில் செயலராக இருந்தவர். ஜூலியா சைல்டும் தோழியரும் 1961இல் வெளியிட்ட பிரெஞ்சுச் சமையல் நூலின் 524 செய்முறைகளையும் 365 நாளில் சமைத்துத் தீர்ப்பது என்று 2002இல் இறங்கினார். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. அரைச் செய்முறை சமைக்க முடியாது என்பதால் இவ்வகையில் பாக்கி விழும். விழுந்தது வட்டியோடு வசூலாகும். முடிவில் அவர் எழுத்தாளரானார், 2009இல் படமும் வந்தது. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவர் வேலையை விடவில்லை என்பதால் நம் வரையறை அவரைத் தள்ளுகிறது. தள்ளிவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்கிறோம். நல்ல உதாரணம் கிடைத்தால் விதியைக் கொஞ்சம் வளைப்பது உரையாசிரியர்கள் காட்டிய வழி.

மூன்றில் தலையாயது செய்பொருளால் அளப்பது. நுண்கலை படித்த ஜெனிஃபர் டிவால்ட், 2013இல், நிரல் எழுதக் கற்றுக்கொள்வதற்காகவே 180 நாளில் 180 வலைத்தளம் செய்வதாக அறிவித்தார், செய்தும் முடித்தார். இரவு தளம் திறந்தால் திறந்தது, இல்லையென்றால் இல்லை. 'ஒரு மணி நேரம் உட்கார்ந்தேனே' என்று சொல்லித் தப்ப இங்கே வழியில்லை. நம் எல்லைக்குள் இவ்வகை அருகியே காணப்படுவதற்குக் காரணமும் அதுவே.

காண்போரால் பகுத்தால் தான் மட்டும் காண்பது, ஊர் காண்பது, வீடு காண்பது எனப்படும். முதலாவது சீக்கிரமே மறைந்துவிடுவதால் ஆராய எச்சம் கிடைப்பதில்லை. ஊர் காண்பது லிங்க்ட்இன்னில் 'டே ஒன்' என்று தொடங்குவது. அங்கே கைதட்டுகிறவர்களில் பலர் தாமும் 'டே ஃபோர்ட்டீன்' போட்டவர்கள். இதை மொய் என்று கொள்க. வந்தது எவ்வளவோ அவ்வளவு திரும்பப் போகும்.

வீடு காண்பதுதான் கடினம். எந்திர உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் வெர்னியர் காலிப்பரும் கையுமாக இருந்த தரப் பரிசோதகர் ஒருவர், எனக்கு நண்பர், வலைத்தள வேலைக்கு மாறக் கிளம்பினார். மேசை ஹாலில். அம்மா டீ கொண்டுவரும்போது திரையை எட்டிப் பார்ப்பார். கறுப்பில் எழுத்து ஓடினால் வேலை, படம் தெரிந்தால் சினிமா. அவர் வகைப்பாடு நம்முடையதை விடச் சுருக்கம். ஒரு நாள் நண்பர், திரையில் பொருள்களை வரிசைப்படுத்தும் சி.எஸ்.எஸ். வித்தையைத் தவளை விளையாட்டு ஒன்றில் பழகிக்கொண்டிருந்தார். கட்டளை சரியானால் தவளை அல்லி இலையில் போய் உட்காரும். அம்மா டம்ளரை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சாயங்காலம் பெரியப்பா போனில் வந்தபோது சமையலறையிலிருந்து கேட்டது: "இல்லீங்க மாமா, இன்னும் வேலைக்குப் போகல. இப்ப ஏதோ தவள வச்சிப் பண்றான்."

அடுத்தது முறிவு. இந்த இயலைச் சற்று விரித்தே ஆக வேண்டும், ஏனெனில் நாட்சவால்களில் முடிந்தவற்றை விட முறிந்தவையே மிகுதி.

கரண்ட் போவது, காய்ச்சல், நெட் படுத்துக்கொள்வது ஆகியவை இயற்கை முறிவு. மரியாதையானவை, யாரும் குறை சொல்லார். கொடியது ஏவல் முறிவு. வேலையில் இருந்தவரை, சவால் எடுத்தவரிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. இப்போது கேஸ் சிலிண்டர் வரும் நாளில் வீட்டில் இருப்பது, அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, அக்கா பெண் காதுகுத்துக்கு முந்தின இரவே மண்டபத்தில் படுத்துப் பாத்திரத்துக்குக் காவல் இருப்பது எல்லாம் அவர் பேரில். "சும்மாதானே இருக்கே, நீ போயேன்" என்ற ஒரு வாக்கியத்துக்கு நூறு நாளும் தாங்காது.

மூன்றாவது நள்ளிரவு முறிவு. மண்டபத்தில் பாயில் படுத்தபின், பதினொன்று ஐம்பதுக்கு, இன்றைய கணக்கு விட்டுப்போனது நினைவுக்கு வரும். நிரலைச் சேர்த்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் உண்டு; அன்று நிரலில் ஏதேனும் திருத்திச் சேர்த்திருந்தால் பச்சை, இல்லையேல் வெறுமை. என்ன திருத்தினீர் என்று கட்டம் கேட்பதில்லை. முகப்புக் குறிப்பில் ஒரு முற்றுப்புள்ளியை எடுத்தாலும் பச்சை. மறுநாள் அதையே திரும்ப வைத்தாலும் பச்சை. இன்னும் தேர்ந்தவர்களுக்கு வேறொரு வழியும் தெரியும்: சேர்க்கும் நிரலுக்கு நேற்றைய தேதியை நாமே போடலாம், கட்டம் நம்பிவிடும். அரசு அலுவலக வருகைப் பதிவேட்டில் திங்கட்கிழமை வந்து வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதை அறிந்தோர்க்கு இது விளக்க வேண்டாம்.

முறிந்தவருக்கு ஆறுதல் சொல்ல ஆய்வுகளும் உள. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பேச்சு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய நூலிலிருந்து கிளம்பியது. அறுவைக்குப் பின் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர்; அந்தக் குறைந்தபட்சத்தை உலகம் உச்சவரம்பாக்கிக்கொண்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் சராசரியாக 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போயிற்று. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய சேதமில்லை என்றும் கண்டார்கள்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவருக்கு நிம்மதி வரவில்லை. வராதது சரி, ஏனெனில் அவர் பழக்கத்துக்காகச் சவால் எடுக்கவில்லை. எட்டு வருஷம் காலை எட்டரைக்கு முன் விரலை வைத்து உள்ளே போனவர் அவர். அந்த எந்திரம் 'வந்தாய்' என்று தினமும் சொல்லிற்று. ஒரு நாள் அது நின்றுவிட்டது. நாட்சவால் என்பது தாமே வாங்கி மாட்டிக்கொண்ட பஞ்சிங் மெஷின் என்பது இந்நூலின் துணிபு. படிப்பு நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அது உடன் நிகழ்வது. இதற்குச் சான்றும் உண்டு: 2016இல் கிட்ஹப் விடாது உழைத்த நாள்களின் எண்ணிக்கையை முகப்பிலிருந்து எடுத்தபின், நீண்ட தொடர்கள் கைவிடப்பட்டதையும் வார இறுதி உழைப்பு குறைந்ததையும் பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் அப்படியேதான் இருந்தார்கள். போனது எண் மட்டும்.

பயனும் இதுவே. "என்னப்பா பண்றே இப்போ?" என்று பெரியப்பா கேட்டால் 'ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறேன்' என்பது விடையாகாது. 'அறுபத்திரண்டாவது நாள், பெரியப்பா' என்பது விடை. 48 நாள் மண்டலாபிஷேகம் பார்த்தவர், எண் சொன்னால் தலையாட்டுவார்.

புறனடை ஒன்று. நூறு நிறையுமுன் வேலை கிடைத்துவிட்டால் அது முறிவா, நிறைவா? இரண்டும் அன்று. சம்பளம் வந்ததும் இன்றியமையா உறுப்பு போய்விடுவதால் அது சவாலே இல்லை, பொழுதுபோக்கு. நண்பருக்கு 71ஆம் நாள் ஆஃபர் லெட்டர் வந்தது. மிச்சத்தையும் முடித்தே தீருவேன் என்றார். புது அலுவலக வாசலில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் எந்திரம் இருக்கிறது. சேர்ந்த வாரத்தோடு அவர் கணக்கில் பதிவு நின்றது. பெரியப்பாவும் நாளைப் பற்றிக் கேட்பதில்லை. பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்று கேட்கிறார். அதற்கு வேறு இலக்கணம் வேண்டும்.